கறுப்பு வீடும் உம்மாவின் கடிதங்களும்
குறும் விவரணப்படங்களின் வரலாற்றில் ஒரு கிளைப்பாதை

சினிமாவின் வரலாறு பெரும்பாலும் முழுநீளக் கதைப்படங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பதினைந்து நிமிடமோ இருபது நிமிடமோ ஓடும் ஒரு விவரணப்படம், திரையரங்குக்கும் வராமல், சுவரொட்டியும் இல்லாமல், ஏதோ ஒரு விழாவில் ஒருமுறை காட்டப்பட்டு மறைந்துவிடுகிறது. இலக்கியத்தில் சிறுகதைக்குக் கிடைத்த மரியாதை சினிமாவில் இந்தச் சிறிய படங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன்னைத் தானே எப்போது பார்க்கத் தொடங்கியது, தன் வீட்டின் கதவை எப்போது தானே திறந்தது என்று தேடுபவர்கள் இந்தச் சிறிய படங்களிடம்தான் வந்து சேரவேண்டியிருக்கிறது.

நமது நாட்டிலிருந்தே தொடங்கலாம். 1934ஆம் ஆண்டு பெசில் ரைட் என்ற ஆங்கிலேய இளைஞர் இங்கு வந்து 'இலங்கையின் பாடல்' என்ற படத்தை எடுத்தார். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. தயாரித்தவர் பிரித்தானிய விவரணப்பட இயக்கத்தின் தந்தை எனப்படும் ஜோன் கிரியர்ஸன். படத்தின் விவரணைக்கு 1681இல் வெளியான ரொபட் நொக்ஸின் நூலிலிருந்து பகுதிகளை எடுத்தார்கள். அவற்றை வாசித்தவர் கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். 1935இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற இப்படம் உலக விவரணப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படுவது. அழகான படம், அதில் ஐயமில்லை. ஆனால் அதில் தோன்றும் இலங்கையர் எவரும் தம் கதையைத் தாமே சொல்வதில்லை. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கு சிறைப்பட்டிருந்த ஒரு வெள்ளையரின் வார்த்தைகள் அவர்களுக்காகப் பேசுகின்றன. பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் வேறொருவர் என்ற பிரிவினை அங்கே தெளிவாக இருக்கிறது.

இந்தப் பிரிவினை எவ்வாறு உடைந்தது என்பதே இக்கட்டுரையின் விடயம். அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை கருவி சார்ந்தது. 16 மில்லிமீற்றர் கமெராக்கள் தோளில் தூக்கும் அளவுக்கு இலேசாயின. 1958இல் 'நாக்ரா III' என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவி வந்தது. அதன் பின் படப்பிடிப்புத் தளத்தை விட்டுத் தெருவுக்கும் சமையலறைக்கும் போகலாம் என்றாயிற்று. பிரான்ஸில் ஜோன் ரூஷும் எட்கார் மொரானும் 1960இல் பாரிஸ் தெருக்களில் போவோர் வருவோரிடம் "நீங்கள் சந்தோசமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் படமெடுத்தது இதனால்தான் சாத்தியமாயிற்று. இந்தக் கதை எல்லாச் சினிமா நூல்களிலும் உண்டு. அதே பத்தாண்டில் தெஹ்ரானிலும், அடுத்த பத்தாண்டில் கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் நடந்தது அவ்வளவாக எழுதப்படவில்லை. நமக்கு அதுவே கூடுதல் அக்கறைக்குரியது.

தொழுநோயாளர் குடியிருப்பில் ஒரு கவிஞர்

ஃபுரூக் ஃபர்ருக்ஸாத் நவீன பாரசீகக் கவிதையின் பெரும் பெயர்களுள் ஒன்று. 1934இல் பிறந்தவர். பதினாறு வயதில் திருமணம், சில வருடங்களில் மணமுறிவு. ஒரே மகனை வளர்க்கும் உரிமையும் அவரிடமிருந்து போயிற்று. அவரது கவிதைகள் ஈரானியச் சமூகத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. எழுத்தாளரும் இயக்குநருமான இப்ராஹீம் குலிஸ்தானின் படநிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அவர் அங்கே படத்தொகுப்பைக் கற்றார். எண்ணெய்க் கிணறொன்றில் மூண்ட தீயைப் பற்றிய 'ஒரு தீ' என்ற குலிஸ்தானின் படத்தைத் தொகுத்தவர் அவரே.

1962இல் தொழுநோயாளருக்கு உதவும் சங்கம் ஒன்று குலிஸ்தான் நிறுவனத்திடம் ஒரு படம் கேட்டது. ஃபுரூக் சிறியதொரு குழுவுடன் தப்ரிஸ் நகருக்கு அருகிலுள்ள பாபாபாகி குடியிருப்புக்குச் சென்று பன்னிரண்டு நாட்கள் தங்கி எடுத்ததே 'வீடு கறுப்பு'. ஏறக்குறைய இருபது நிமிடப் படம். அவர் இயக்கி வெளிவந்த ஒரே படமும் இதுதான்.

படத்தில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று ஆண்குரல், குலிஸ்தானுடையது. தொழுநோய் என்றால் என்ன, அது வறுமையுடன் எப்படிச் சேர்ந்து வாழ்கிறது, மருத்துவம் செய்தால் எப்படிக் குணமாகும் என்று வரண்ட தொனியில் சொல்லும் குரல். சங்கம் கேட்ட படம் அந்தக் குரலுக்குள் இருக்கிறது. மற்றது ஃபுரூக்கின் குரல். வேத வசனங்களின் தொனியும் அவருடைய கவிதை வரிகளும் அதில் கலந்து வருகின்றன. முதற்குரல் நோயைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது குரல் நோயாளியோடு சேர்ந்து முறையிடுகிறது. உதவி கேட்டு எடுக்கப்பட்ட ஒரு பிரசாரப்படத்தை, அது கேட்ட காரியத்தையும் கைவிடாமல், வேறொரு தளத்துக்கு உயர்த்தியது இந்த இரண்டாம் குரலே.

வகுப்பறைக் காட்சியொன்று படத்தின் தொடக்கத்தில் வருகிறது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தை வாசிக்கிறார்கள். பார்க்கக் கண்ணும் கேட்கக் காதும் வேலை செய்யக் கையும் தந்த இறைவனுக்கு நன்றி சொல்லும் பாடம் அது. வாசிப்பவர்களின் முகங்களில் நோய் தன் வேலையைச் செய்திருக்கிறது. கமெரா எதையும் விளக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இது இறைநிந்தை என்று சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் அடுத்துவரும் காட்சிகளில் அதே மனிதர்கள் பள்ளிவாசலில் விரலற்ற கைகளை ஏந்தித் துஆக் கேட்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், தலை வாருகிறார்கள், கண்ணுக்கு மையிடுகிறார்கள், பந்தடிக்கிறார்கள். நன்றி சொல்லும் அந்தப் பாடம் பொய் என்று படம் சொல்லவில்லை. அதை வாசிக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்றே சொல்கிறது.

இறுதியில் மீண்டும் வகுப்பறை. தாயையும் தந்தையையும் தந்ததற்காக ஏன் இறைவனுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ஆசிரியர் கேட்கிறார். தனக்குத் தெரியாது என்றும் தனக்கு இருவருமே இல்லை என்றும் சிறுவன் சொல்கிறான். 'வீடு' என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதும்படி இன்னொருவரிடம் கேட்கப்படுகிறது. நெடுநேர யோசனைக்குப் பின் கரும்பலகையில் எழுதப்படும் வசனமே படத்தின் பெயராகிறது. குடும்பம் என்ற விடயம் உலக விவரணப்படத்தில் இவ்வளவு சுருக்கமாக எங்கும் சொல்லப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

படம் மேற்கு ஜேர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் பரிசு பெற்றது. பரிசைவிட முக்கியமான செய்தி வேறு. அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு தம்பதியரின் மகனை ஃபுரூக் தன்னோடு தெஹ்ரானுக்கு அழைத்துவந்து தன் பிள்ளையாக வளர்த்தார். தன் மகனை இழந்த தாயும் நோய் சூழ்ந்த வீட்டின் பிள்ளையும் ஒரு படத்தின் வழியாகச் சேர்ந்தார்கள். படமெடுத்தவர் படமெடுக்கப்பட்டவரைவிட்டுப் போய்விடுவதுதான் வழமை. இங்கே அந்த வழமை உடைந்தது. 1967இல் ஒரு வாகன விபத்தில் ஃபுரூக் காலமானபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

உண்மை எது என்று கேட்டவர்

அதே ஈரானில் அதே காலத்தில் காம்ரான் ஷிர்தில் பணியாற்றினார். ரோமாபுரியில் சினிமா படித்துவிட்டு வந்தவர். கலாசார அமைச்சுக்காகப் பெண்களின் நிலை பற்றிப் படமெடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவர் பெண்கள் சிறைக்கும், தெஹ்ரானின் பாலியல் தொழிலாளர் வாழும் பகுதிக்கும் போனார். மன்னராட்சியின் முன்னேற்றத்தைக் காட்டும் படங்களை அமைச்சு எதிர்பார்த்தது, கிடைத்தது வேறு. 'பெண்கள் பகுதி' என்ற படம் 1966இல் இடைநடுவே நிறுத்தப்பட்டு, எடுத்த சுருள்களும் பறிக்கப்பட்டன. புரட்சிக்குப் பின்னர் 1980இல், இல்லாத காட்சிகளுக்குப் பதிலாகக் காவே குலிஸ்தானின் புகைப்படங்களைச் சேர்த்து அது முடிக்கப்பட்டது.

'மழை பெய்த இரவு' (1967) ஷிர்திலின் மிகச் சிறந்த படம். கோர்கான் பகுதியில் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட, ஒரு கிராமத்துச் சிறுவன் தன் மேற்சட்டையைக் கொளுத்தி ஆட்டி ரயிலை நிறுத்திப் பலரைக் காப்பாற்றினான் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. அந்த வீரச் சிறுவனைப் பற்றிப் படமெடுக்கவே ஷிர்தில் அனுப்பப்பட்டார். ரயில்வே அதிகாரி ஒன்று சொல்கிறார், ஊரவர் ஒன்று சொல்கிறார்கள், பத்திரிகையாளர் ஒன்று சொல்கிறார், சிறுவன் ஒன்று சொல்கிறான். எதுவும் எதனோடும் பொருந்துவதில்லை. ஷிர்தில் தீர்ப்புச் சொல்லாமல் எல்லாவற்றையும் அடுக்கிவைத்தார். படம் தடைசெய்யப்பட்டது. 1974இல் தெஹ்ரான் விழாவில் அதற்கே பரிசு கிடைத்தது.

அவதானிப்பு என்பது கமெராவை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமன்று. யார் சொல்கிறார், எந்தக் கதிரையில் இருந்து சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது. அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை என்ற ஹதீஸ் கலையின் மரபில் வளர்ந்த நமக்கு இந்தப் படத்தின் கேள்வி அந்நியமானதன்று.

நைல் நதிக்கரையில் செங்கல் அறுப்பவர்கள்

அதிய்யாத் அல்-அப்னூதி எகிப்தின் டெல்டாக் கிராமமொன்றில் 1939இல் பிறந்தவர். கெய்ரோவில் சட்டம் படித்தார். நாடகங்களில் வேலை செய்தார். பின்னர் திரைப்பட நிறுவனத்தில் மாணவியாகச் சேர்ந்தார். 1971இல் அவர் எடுத்த 'சேற்றுக் குதிரை' பன்னிரண்டு நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். நைல் கரையில் குதிரை சேற்றை மிதிக்கிறது, பெண்களும் சிறுவரும் கல்லைச் சுமக்கிறார்கள், சூளைக்கு அடுக்குகிறார்கள். அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு விவரணைக் குரல் வந்து இவர்கள் ஏழைகள் என்று நமக்குச் சொல்வதில்லை. தொழிலாளரின் குரல்களே கேட்கின்றன.

இந்தச் சிறிய மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை 1934இன் 'இலங்கையின் பாட'லோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே உழைப்பவரின் உடல் அழகிய சித்திரமாக இருந்தது. இங்கே அது பேசுகிறது. நாட்டின் அணைக்கட்டுகளையும் தொழிற்சாலைகளையும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எகிப்தில், கையால் கல் அறுக்கும் பெண்ணைக் காட்டியது உத்தியோக வட்டாரங்களுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு விழாக்களில் அது பரிசுகள் பெற்றது. வறுமையை வெளிநாட்டாருக்குக் காட்டிப் புகழ் தேடுகிறார் என்ற குற்றச்சாட்டு இத்தகையோர் மீது எல்லா நாடுகளிலும் வருவதுதான். நமது எழுத்தாளர்களும் கேட்டுப் பழகிய குற்றச்சாட்டு அது.

பின்னர் வந்த 'சாண்ட்விச்' (1975) மேல் எகிப்தின் அப்னூத் கிராமத்தில் எடுக்கப்பட்டது. அவ்வூர் வழியாக ரயில் போகிறது, நிற்பதில்லை. ஆடு மேய்க்கும் சிறுவன் காய்ந்த ரொட்டிக்குள் ஆட்டுப்பாலைக் கறந்து தின்கிறான். 1983இன் 'அனுமதிக்கப்பட்ட கனவுகள்' எழுதப்படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் குடும்பத் தாயைப் பற்றியது. அவள்தான் அந்த வீட்டின் நிதியமைச்சர், வைத்தியர், திட்டமிடுபவர் எல்லாம். தன்னால் இயன்ற அளவுக்குத்தான் தான் கனவு காண்பதாக அவள் சொல்கிறாள். குடும்பத் தலைவன் யார் என்று நாம் மேடையில் விவாதிக்கும் விடயத்தை அந்தத் தாய் அடுப்படியில் இருந்தபடி முடித்துவைத்துவிடுகிறாள். 2018இல் காலமான அதிய்யாத், இப்படியான சிறிய படங்களையே தன் வாழ்நாள் பணியாகக் கொண்டவர்.

எரிந்த வீட்டின் முன்

இதுவரை பார்த்தவர்கள் தம் சமூகத்தைப் பார்த்தார்கள். ஆனால் தம் சொந்த வீட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கடைசி அடியை எடுத்துவைக்க ஒரு யுத்தம் வேண்டியிருந்தது.

1948இல் பெய்ரூட்டில் பிறந்த ஜோஸலின் ஸாப் ஊடகவியலாளராக வேலை செய்தவர். 1975இல் லெபனான் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் தன் நகரத்தைப் படமெடுக்கத் தொடங்கினார். 'பெய்ரூட், இனி ஒருபோதும் இல்லை' (1976) படத்துக்காக அவர் தெருவுக்குப் போனது காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில். இரவெல்லாம் சுட்டுக்கொண்டிருந்த ஆயுததாரிகள் தூங்கும் நேரம் அது. விவரணையை எழுதியவர் கவிஞர் எத்தெல் அத்னான். செய்தித் தொலைக்காட்சிகள் வெடிப்பைக் காட்டின. ஸாப் வெடிப்புக்கு மறுநாட் காலையைக் காட்டினார். உடைந்த கடைக் கண்ணாடிகளும், சிதறிக் கிடக்கும் பொருட்களும், அவற்றைப் பொறுக்கும் பிள்ளைகளும் அதில் உள்ளன.

1982இல் இஸ்ரேலியப் படைகள் பெய்ரூட்டை முற்றுகையிட்டன. அவ்வருடம் எடுத்த 'பெய்ரூட், என் நகரம்' படத்தின் தொடக்கத்தில் ஸாப் தானே கமெராவுக்கு முன் வந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பது எரிந்துபோன அவருடைய குடும்ப வீடு. நூற்றைம்பது வருடப் பழமையான வீடு. ஏழு வருடமாகப் பிறருடைய இழப்புகளைப் படமெடுத்தவர் இப்போது தன் இழப்பையும் அதே வரிசையில் ஒன்றாக வைக்கிறார். அழுது புலம்பவில்லை. தன் வீட்டுக்கு மட்டும் தனிச்சிறப்புக் கேட்கவுமில்லை.

எழுத்துகளின் திரை

1952இல் பெய்ரூட்டில் ஒரு பலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்தவர் மோனா ஹாத்தூம். அவருடைய பெற்றோர் 1948இல் ஹைஃபாவை இழந்து வந்தவர்கள். 1975இல் லண்டனுக்கு ஒரு குறுகிய பயணம் போனபோது யுத்தம் தொடங்கியது. திரும்ப முடியவில்லை. பெற்றோர் ஒருமுறை நாடிழந்தார்கள். மகள் இன்னொரு முறை.

1988இல் அவர் முடித்த 'தூரத்தின் அளவுகள்' பதினைந்து நிமிட வீடியோப்படம். 1981இல் பெய்ரூட் சென்றிருந்தபோது குளியலறையில் தன் தாயை எடுத்த புகைப்படங்கள் திரையில் மங்கலாகத் தெரிகின்றன. அவற்றின் மேல் தாய் எழுதிய கடிதங்களின் அறபு எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. தாயும் மகளும் அறபியில் சிரித்துப் பேசும் ஒலிநாடா பின்னால் கேட்கிறது. அதற்கு மேலாக மகள் அக்கடிதங்களை ஆங்கிலத்தில் ஒரு சோகத் தொனியில் வாசிக்கிறார்.

இந்தப் படத்தை நமது ஊர்களில் திரையிட முடியாது என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம். தாயின் உடல் மறைக்கப்பட வேண்டியது என்ற உணர்வு நமக்குள் ஆழமானது; அதை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் கவனிக்கவேண்டியது, இந்தக் கேள்வியைப் படமே கேட்கிறது என்பதுதான். புகைப்படங்களைப் பற்றி அறிந்த தந்தை, தனக்கு மட்டும் உரிய ஒன்றை மகள் எடுத்துவிட்டதுபோலக் கோபப்பட்டதைத் தாய் கடிதத்தில் எழுதுகிறாள். படங்களைப் பயன்படுத்த அனுமதியும் தருகிறாள். தந்தையிடம் சொல்லவேண்டாம் என்றும் எழுதுகிறாள். மகளுக்குக் கொடுத்த அனுமதி உலகத்துக்குக் கொடுத்த அனுமதி ஆகுமா? படம் விடை சொல்லவில்லை. தன் குடும்பத்தைப் படமெடுக்கும் எவரும், தன் குடும்பத்தைக் கதையாக எழுதும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

மேலைநாட்டு விமர்சகர்கள் அந்த எழுத்துகளைத் திரை என்றும் முட்கம்பி என்றும் விளக்கியிருக்கிறார்கள். அறபு தெரியாதவருக்கு அது திரைதான். அறபு தெரிந்தவருக்கு அது கடிதம். நாமோ மூன்றாவது வகைப் பார்வையாளர். அந்த எழுத்துகளைச் சிறுவயதில் ஓதப்பள்ளியில் கூட்டி வாசிக்கப் படித்தவர்கள். ஒலி தெரியும், பொருள் தெரியாது. திரையில் ஓடும் வரிகளை நமது நாக்கு வாசிக்கத் தொடங்கும். மனம் வாசலில் நின்றுவிடும். இந்த நிலை ஒரு பலஸ்தீனக் கலைஞரின் கணக்கில் இருந்திருக்க முடியாது. ஆனால் நமது அடையாளத்தின் உண்மையான நிலை அதுவே.

அதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. நமது மூத்தும்மாமார் பலர் தமிழை அறபு எழுத்தில் எழுதினார்கள். பாடசாலைக்குப் போகாத பெண்கள், ஓதக் கற்ற எழுத்துகளைக் கொண்டே அறபுத்தமிழில் வீட்டுக் கணக்கும் கடிதமும் எழுதினார்கள். இன்று அந்தக் கடிதங்களை விரித்தால் அறபு தெரிந்தவருக்கு விளங்காது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு வாசிக்க முடியாது. இரண்டும் தெரிந்த கடைசித் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. ஹாத்தூம் கலைக்காக அமைத்த திரை நமது வீட்டு அலுமாரிகளில் ஏற்கனவே இருக்கிறது.

எஞ்சியிருப்பது

'வீடு கறுப்பு'க்கும் 'தூரத்தின் அளவுகள்' படத்துக்கும் இடையில் இருபத்தாறு வருடங்கள். இந்தக் காலத்தில் கமெரா சமூகத்தின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, தொழிலாளியின் குரலுக்கும், எரிந்த வீட்டு வாசலுக்கும், கடைசியில் தாயின் கடிதத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வோர் அடியிலும் பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் உள்ள தூரம் குறைந்தது. பொறுப்பு கூடியது. பெரும் நிதியோ நட்சத்திரங்களோ இப்படங்களுக்குப் பின்னால் இருக்கவில்லை. பொறுமையும், அனுமதி கேட்கும் பண்பும், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாத மனமும் இருந்தன.

கருவி இன்று ஒரு தடையன்று. எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அதில் கல்யாண வீட்டுச் சாப்பாட்டையும் எடுக்கிறோம். ஆனால் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுள் அன்று முப்பது வயதாயிருந்தவர் இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறார். பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வர அந்த இரண்டு மணித்தியாலம் இடம்கொடுத்திருக்காது. வீட்டின் அறைகள் எப்படி இருந்தன, கிணற்றடியில் என்ன மரம் நின்றது என்பது அவர்களுடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் முன் ஒரு பேரப்பிள்ளை உட்கார்ந்து, அனுமதி கேட்டு, பதினைந்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஹாத்தூமின் தாய் எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. அந்தப் பகுதித் தபாற்கந்தோர் கார்க் குண்டொன்றில் முற்றாக அழிந்துவிட்டது. இனிக் கடிதம் அனுப்புவது கடினம் என்கிறாள். அதுவரை வந்த கடிதங்களை மகள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதனால்தான் அந்தப் படம் இருக்கிறது.